மீதிப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

அட்லாண்டா கொலைகளைப் பற்றிப் போன வாரம் சிங்கப்பூர்த் தேக்காவில் பேச்சு வந்தபோது, கூட இருந்த அண்ணன் ஒருவர், சிறையில் இருக்கும் வெய்ன் வில்லியம்ஸைச் சொல்லி, "அவன்தான் உள்ளே இருக்கானே தம்பி, அப்புறம் என்ன?" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் மனசு ஒப்பவில்லை.

1979 முதல் 1981 வரை அமெரிக்காவின் அந்த நகரத்தில் ஏறத்தாழ 30 பேர் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் கறுப்பினத்தவர், பெரும்பாலும் சிறுவர்கள். உடல்களில் ஒட்டியிருந்த நூலிழைகளைப் போலீஸ் சேகரிக்கிறது என்று 1981 பிப்ரவரியில் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. அதற்கப்புறம் உடல்கள் ஆற்றில் கிடைக்கத் தொடங்கின, தடயம் தண்ணீரோடு போய்விடும் அல்லவா. அதனால் பாலங்களுக்கு அடியில் ராத்திரி ராத்திரியாகக் காவல் இருந்தார்கள். மே 22 விடியற்காலை, சட்டஹூச்சி ஆற்றில் ஏதோ விழுந்த சத்தம். பாலத்தில் வந்த காரை மடக்கினால், உள்ளே 23 வயதுகூட நிரம்பாத வெய்ன் வில்லியம்ஸ். இரண்டு நாள் கழித்து ஆற்றில் ஓர் உடல் கிடைத்தது.

அவர் கொலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. வழக்கு நின்றது முக்கியமாக நூலிழையிலும் நாய் முடியிலும்தான். உடல்களில் கிடைத்த இழைகளோடு ஒத்துப்போன, அவர் வீட்டில் இருந்த பச்சைக் கம்பளம் அந்த வட்டாரத்தில் 7,792 வீடுகளுக்கு ஒன்றில்தான் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இது லேசான சாட்சியம் இல்லை, நான் அதை ஒதுக்கவும் மாட்டேன். ஆனால் 1982 பிப்ரவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது இரண்டு பேரைக் கொன்றதற்கு மட்டும், அந்த இரண்டு பேரும் வளர்ந்த ஆண்கள். சிறுவர்கள் உட்பட வேறு 10 பேரின் மரணத்தை 'இதே பாணி' என்று காட்ட நீதிமன்றத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள், குற்றச்சாட்டாக வைக்கவில்லை. தீர்ப்பு வந்ததும் 20க்கும் மேற்பட்ட வழக்குகளை அவர் கணக்கில் எழுதி மூடிவிட்டார்கள். விசாரணையே இல்லாமல்!

சிங்கப்பூரில் 1970இல், பொதுமக்களில் சிலரை உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொல்லும் ஜூரி முறை முழுசாக ஒழிந்தது. வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எவ்வளவோ எதிர்த்தார். இங்கே நீதிபதி எதை நம்பினார், ஏன் நம்பினார் என்று எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, நாம் எடுத்துப் படிக்கலாம். அட்லாண்டாவில் ஜூரி காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அந்த இரண்டு கொலைகளுக்கே ஏன் நம்பினார்கள் என்று எழுத்தில் இல்லை, மீதி வழக்குகளுக்கோ ஜூரியே கூடவில்லை.

வில்லியம்ஸ் இன்று வரை தான் நிரபராதி என்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் சிலரே, கொன்றது அவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் இரக்கம் எல்லாம் இல்லை. அந்த இரண்டு கொலைகளையும் அவர் செய்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பையனையாவது வேறு யாரோ கொன்றிருந்தால், அந்த ஆளைத் தேடுவதை 1982இலேயே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இதைத்தான் அண்ணனிடமும் சொன்னேன்.

2019இல் அட்லாண்டா மேயர் கெய்ஷா லான்ஸ் பாட்டம்ஸ் பழைய தடயங்களை மறுபடியும் சோதிக்கச் சொன்னார். மொத்தமாக ஒரே முடிவு என்று இல்லாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, கிடைத்தது இது, கிடைக்காதது இது என்று அந்தக் குடும்பத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.