கியர்பாக்ஸ் வாங்கப் போய் கன்வர்ட்டர் வாங்கிய கதை

என்னிடம் இருப்பது 2001 டாட்ஜ் ராம் 2500 பிக்கப். 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், அதன் பின்னால் 47ஆர்இ என்கிற நாலு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சினைப் பற்றி ஒரு குறை சொல்ல வாய் வராது. கியர்பாக்ஸ்தான் வீக் என்று இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் ஹூஸ்டனுக்கு மேற்கே ஐ-10 நெடுஞ்சாலையில் ட்ரெய்லரில் டிராக்டரை ஏற்றிக்கொண்டு வரும்போது நாலாவது கியர் பிடிக்கவே இல்லை. ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி மட்டும் நகர்வேனா என்கிறது. ஓரம் கட்டி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிக்காஷன் நிறத்தில், தோசைக்கல்லில் கருகிய எண்ணெய் வாடையோடு. சரி, போச்சு என்று தெரிந்துவிட்டது.

(இந்த வண்டிகளில் ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பார்க்கில் போட்டால் கன்வர்ட்டருக்கும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்கும் ஆயில் போகாது. சூடாகிவிட்டதே, ஆறட்டும் என்று இத்தனை வருடம் பார்க்கில் போட்டு எஞ்சினை ஓடவிட்டிருக்கிறேன். வேஸ்ட்.)

நீங்களும் இதே நிலைமையில் இருந்தால், பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மணிக்கு 45 மைல் வேகத்தில் கன்வர்ட்டர் லாக் ஆகி (அதாவது உள்ளே இருக்கும் கிளட்ச் எஞ்சினோடு நேராகப் பிடித்து), விட்டு, மறுபடி லாக் ஆகி என்று வண்டி உதறுகிறதா? பல சமயம் அது கியர்பாக்ஸ் கோளாறே இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின் இரைச்சலோ பேட்டரி எர்த் சரியில்லாததோதான் காரணமாக இருக்கும். அந்த அதிர்ஷ்டம் எனக்கு இல்லை. அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினால் கிளட்ச் தூள் சேறு மாதிரி படிந்திருந்தது.

அப்புறம் விலை கேட்கக் கிளம்பினேன். பழைய வண்டியிலிருந்து கழற்றியது மலிவுதான், ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய இன்னொரு 47ஆர்இக்கும் இதே வியாதிதானே? ஆறு கியர் மேனுவலுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு நண்பர் ஆசை காட்டினார். இந்த மாடலில் மேனுவல் கேட்டவர்களுக்கு வந்த ஆறு கியர் என்வி5600 நல்ல பெட்டிதான், ஆனால் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது, பாகம் தேடி அலைய வேண்டும். மேலும், வீட்டில் கிளட்ச் மிதிக்க நான் மட்டும்தான்.

ரீபில்ட் செய்ததுதான் என்று முடிவானது. அதிலும் ‘கம்பெனி அளவுக்கே’ செய்தது போதுமா என்பதுதான் கேள்வி. 2001இல் டாட்ஜ் இந்த எஞ்சினை இரண்டு அளவில் விற்றது: 245 குதிரைத்திறன், 505 பவுண்டு-அடி டார்க் உள்ளது மேனுவலோடு மட்டும், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 235, 460. செய்தவர்களுக்கே அந்தப் பெட்டி மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது பாருங்கள்! அந்த அளவுக்கே புதுப்பித்து வாங்கி எனக்கு என்ன பிரயோஜனம்?

மூன்று கடைகளில் கேட்டதில் இரண்டு பேர் கியர்பாக்ஸைப் பற்றி மட்டுமே பேசினார்கள், கன்வர்ட்டர் என்னது என்றால் “அதுவும் சேர்த்துத்தான் சார்” என்கிற ரகத்தில் பதில். மூன்றாமவர், பொறுமையான மெக்சிகோக்காரர், முதல் கேள்வியே வேறு: “எவ்வளவு எடை இழுப்பீங்க? எஞ்சினில் பவர் ஏற்றுகிற ட்யூனர் மாட்டியிருக்கீங்களா?” இந்தப் பெட்டி சாவதற்குப் பாதிக் காரணம் ஒரிஜினல் கன்வர்ட்டர்தான் என்றார். உள்ளே ஒரே ஒரு லாக்கப் கிளட்ச். முன் மூடி தகட்டில் அடித்தது, டீசல் டார்க்கில் வளைகிறது. வளைந்தால் கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் தூள், அந்தத் தூள் ஆயிலோடு பெட்டி முழுக்கச் சுற்றும்.

நான் பெரிய வீரன் மாதிரி மூன்று கிளட்ச் கன்வர்ட்டர் போடுங்கள் என்றேன். அவரே வேண்டாம் என்றுவிட்டார். அது பவரை இரண்டு மடங்காக ஏற்றியவர்களுக்கு. பிடிக்கும்போது அடித்துப் பிடிக்கும், கன்வர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் போகும் இன்புட் ஷாஃப்டும் தடியாக மாற்ற வேண்டிவரும். எனக்குக் கெட்டியான மூடியோடு ஒரு கிளட்ச், தாழ்ந்த ஸ்டால் (அதாவது குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கத் தொடங்குவது), அது போதும். பெட்டிக்குள் 48ஆர்இயின் கியர் செட் போட்டார், அது 2003இல் வந்த அடுத்த மாடல்.

கூலரையும் மாற்றச் சொன்னார். பழைய தூள் கூலரிலிருந்து புதுப் பெட்டிக்குள் போனால் வாரண்டி கிடையாது, எழுதியே கொடுத்திருக்கிறார். ஆயில் சூடு காட்டும் மீட்டர் ஒன்று நானாகவே வாங்கி மாட்டினேன், அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இப்போது கெட்ட பழக்கமாகிவிட்டது. ட்ரெய்லர் பின்னால் இருந்தால் நகரத்துக்குள் ஓவர்டிரைவை, அதாவது நாலாவது கியரை, பட்டனை அழுத்தி ஆஃப் செய்துவிடுகிறேன்.

பழைய பெட்டி இன்னும் அவர் கடைக்குப் போகாமல் என் கராஜில்தான் கிடக்கிறது. திருப்பிக் கொடுத்தால்தான் கட்டி வைத்த டெபாசிட் வரும். தூக்க ஆள் வேண்டும், சனிக்கிழமை இரண்டு பேர் வருகிறார்கள். கீழே விரித்த அட்டைப்பெட்டியைத் தாண்டி ஆயில் சிமென்ட் தரைக்கு வந்தாயிற்று, வீட்டில் இன்னும் பார்க்கவில்லை.