கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதுமா?

முடிதிருத்தும் தொழிலைக் கற்றுக்கொடுக்கத் தனி உரிமம் வேண்டும் என்று நண்பர் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படித்தானாம். முதலில் முடிதிருத்துநர் உரிமம், அப்புறம் பயிற்றுநர் பயிற்சிக்கென்று சில நூறு மணி நேரம், அதற்கு மேல் ஒரு தேர்வு. மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, கை தேர்ந்தவருக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு சீப்பை என் கையில் கொடுத்து, "இதுதான் சவரக்கத்தி, தாடை ஓரத்தை எப்படி மழிப்பாய், வாயால் சொல்" என்றார். அரை நிமிடத்தில் திணறிவிட்டேன். மழிக்கும் கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். மற்றக் கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதே வாயில் வரவில்லை. இத்தனைக்கும் தினமும் நானே மழித்துக்கொள்கிறவன்! பழகிய கை செய்துவிடும், வாய்க்குத்தான் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். கருவியைக் கிருமிநாசினியில் முக்குவதற்கு முன் ஒட்டியிருக்கும் முடியை எடுத்துக் கழுவ வேண்டும். அழுக்கோடு முக்கினால் மருந்து சரியாக வேலை செய்யாது. ஆசிரியர் ஒருநாள் சோம்பினால், பார்க்கிற மாணவர்கள் அத்தனை பேரும் அதையே வழக்கமாக்கிக்கொள்வார்கள்.

ஆனால் டெக்சஸ் மாநிலம் 2021இல் சட்டம் போட்டுப் பயிற்றுநருக்கான தனி உரிமத்தையே எடுத்துவிட்டது. தொழில் உரிமம் இருந்தாலே கற்பிக்கலாம். எனக்கென்னவோ தேர்வு இல்லாவிட்டாலும் அந்தச் சீப்புச் சோதனையையாவது வைத்திருக்கலாம்.