மழை மாலையும் இரண்டு இசைத்தட்டுகளும்

ஏற்காட்டில் மூன்று நாட்களாக மழை விடவில்லை. மாலை 4 மணிக்கே மூடுபனி ஜன்னல் வரை வந்துவிட்டதால், இசைத்தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த மலையின் ஈரத்தில் அட்டை உறைகளில் பூசணம் பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு தட்டையும் மெல்லிய துணியால் துடைத்த பிறகே முள்ளை வைப்பது என் வழக்கம்.

முதலில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரண்டே நாட்களில் பதிவான இதன் முதல் பக்கம், பதிவின்போது ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடி, பிறகு இயல்பான வேகத்தில் ஒலிக்கவிடப்பட்டதால், பல பத்தாண்டுகளாக உரிய சுருதியைவிடச் சற்றே உயர்ந்த சுருதியில்தான் விற்பனைக்கு வந்தது. 1992இல்தான் அது திருத்தப்பட்டது. என்னிடம் இருப்பது பழைய பதிப்பு. என் காது பழகியது அந்தச் சுருதிக்குத்தான் என்பதால், அதை மாற்றிக்கொள்ள எனக்கு மனமே வரவில்லை. தொடக்கத்தில் பியானோவும், ‘பாஸ்’ என்னும் தாழ்சுருதித் தந்தி வாத்தியமும் தயங்கித் தயங்கிப் பேசிக்கொள்ளும் அந்த அரை நிமிடத்துக்கு ஈடாக வேறெதையும் நான் கேட்டதில்லை.

பிறகு ராக். டோர்ஸ் குழுவின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘எல்.ஏ. உமன்’, இடியும் மழையுமாகத் தொடங்கும் பாடலுடன் முடிகிறது. அதில் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் தன் குரலின் மீதே கிசுகிசுப்பாக மீண்டும் பாடிச் சேர்த்திருக்கிறார். கவனித்துக் கேட்டால் மட்டுமே அது பிடிபடும். அதே ஆண்டு ஜூலையில் அவர் இறந்துவிட்டார். சுக்குக் காபியுடன் வந்த அம்மா, “மறுபடியும் இடி இடிக்கிறதா?” என்று கேட்டபடி, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார்.