ஜவ்வு ஆபரேஷன் முடிந்தது, எப்போது ஆடலாம்?

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் முடிந்து வந்தவனுக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று மாதம் போதும் என்பார் டீக்கடையில் ஒருவர், ஒரு வருஷத்துக்குக் காலையே ஊன்றாதே என்பார் பெரியம்மா. நீடாமங்கலம் பக்கம் கபடி ஆடும் என் சித்தப்பா மகன் "பொங்கலுக்கு இறங்கிடலாம்லண்ணே?" என்று என்னையே கேட்டுத் துளைத்ததால்தான் இதைப் பற்றி நடந்திருக்கும் மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் முட்டிக்குள் நடப்பது. அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்துப் பொருத்துகிறார்கள். பொருத்திய அன்றைக்கு அது உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த சில வாரங்களில், புதிதாக ரத்த ஓட்டம் பிடித்து ஜவ்வாக மாறத் தொடங்கும் காலத்தில், பலவீனமாகி அப்புறம்தான் மெல்லத் தேறுகிறது. வீக்கம் வடிந்து, வலி போய், நடை நேராகி, பையன் "எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்வதும் ஏறக்குறைய அதே நேரம்தான். வம்பே அங்கேதான்.

அதற்காகக் காலைக் கட்டிப்போட்டும் பயனில்லை. ஒரு காலத்தில் மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் இண்டியானாவில் ஷெல்போர்ன் என்ற அறுவை மருத்துவர் கவனித்தது வேடிக்கையானது: சொன்ன பேச்சைக் கேட்காமல் சீக்கிரமே காலை ஊன்றி, மடக்கி நீட்டியவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். அதை வைத்து 1990-ல் அவரும் நிட்ஸும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே வேகமான பயிற்சிக்கு மாறியது. சரி, வேகம் என்றால் எவ்வளவு வேகம்? அமெரிக்காவின் வெர்மாண்டில் பெய்னன் என்ற ஆய்வாளரின் குழு ஒரே பயிற்சியை ஒரு பிரிவுக்கு 19 வாரத்திலும் இன்னொரு பிரிவுக்கு 32 வாரத்திலும் கொடுத்து, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தது. 2011-ல் வந்த முடிவில் முட்டி தளர்வதிலோ செயல்திறனிலோ சொல்லும்படி வித்தியாசமில்லை.

இதைக் காட்டியதும் தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பயிற்சியை முடிப்பது வேறு, களத்தில் இறங்குவது வேறு என்று அப்புறம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நார்வேயில் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடை வலுவும், ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அதில் வைத்த தேர்வு. ஆக, காலண்டர் மட்டும் போதாது, தேர்விலும் தேற வேண்டும். இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை என்பதும் உண்மைதான், ஆனால் "நீ ஐந்தாம் மாதமே போய் ஆடு" என்று சீட்டுக் குலுக்கி ஒருவனை அனுப்ப எந்த நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ளும்?

என் மனக்குறை வேறு. இந்த ஆய்வுகள் முட்டி தேறியதை அளக்கப் பயன்படுத்தும் வினாத்தாள்களில் கூஸ் என்று ஒன்று உண்டு. சாக்ஸ் மாட்டுவது கஷ்டமா, காரில் ஏறி இறங்குவது கஷ்டமா, குளியல் தொட்டிக்குள் இறங்குவது கஷ்டமா என்றெல்லாம் கேட்கிறது. குந்துவது, மண்டியிடுவது பற்றியும் கேள்வி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? மழைக்கு வழுக்கும் வரப்பில் உரமூட்டையோடு நடக்க முடிகிறதா? நடவு வயலில் சேற்றில் புதைந்த காலைத் திருகாமல் பிடுங்க முடிகிறதா? டெல்டாவில் ஒரு முட்டிக்கு உண்மையான பரீட்சை இதுதான். தம்பிக்கு ஆபரேஷனைவிடப் பெரிய செலவாகத் தெரிந்தது பிசியோவுக்காக அரை நாள் வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி தஞ்சாவூர் போய் வருவது. குறுவை அறுவடை நேரத்தில் அதுவும் நின்றுபோனது. வெளிநாட்டு ஆய்வில் பிசியோ பார்வையில் அடிக்கடி பயிற்சி செய்தவனுக்குக் கிடைத்த பலனை, தாளில் வரைந்து கொடுத்த நாலு பயிற்சியோடு வீட்டுக்கு வந்தவனிடம் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் தொடங்கிய சிடிஆர்ஐ என்ற பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம், பிசியோதெரபி ஆய்வுகளும் அதில் உண்டு. நான் பார்த்தவற்றில் பல சில வாரங்களோடு முடிகிறவை. ஒன்பதாம் மாதத்தில்தான் விஷயமே தெரியும் எனும்போது ஆறு வாரத்தில் எதை அளப்பது?

உங்களையோ வீட்டுப் பிள்ளையையோ இப்படி ஓர் ஆய்வில் சேரக் கேட்டால் பயப்பட வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி நிதானமாகப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை நிற்கக் கூடாது. எத்தனை தடவை வர வேண்டும், எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பஸ் காசு தருவார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம், பயணச் செலவைத் திருப்பித் தருவது ஆய்வுகளில் அனுமதிக்கப்பட்டதுதான்.