கரிம வேதியியலுக்கு ஒரு கையெழுத்து நோட்டு

பிளஸ் டூ வேதியியல் இரண்டாம் தொகுதியில் 11, 12, 13 ஆகிய மூன்று அலகுகளும் ஹைட்ராக்சி சேர்மங்கள், கார்பனைல் சேர்மங்கள், நைட்ரஜன் சேர்மங்கள் என்று வரிசையாக வருகின்றன. வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தேர்வு அறையில் வினைச் சமன்பாட்டின் அம்புக்குறி மேல் என்ன எழுதுவது என்பதில்தான் கை நிற்கும். அந்த இடத்தைப் பிடிப்பதற்கே இந்த நோட்டு.

96 பக்க நீள நோட்டு ஒன்று போதும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும், அதற்கு வேலை பின்னால் வரும். பென்சிலால் மூன்று பத்தி பிரியுங்கள்: வினைபடுபொருள், காரணியும் (வினை நடக்கச் சேர்க்கும் பொருள்) நிபந்தனையும், விளைபொருள். நடுப்பத்தி மற்ற இரண்டையும்விட அகலமாக வேண்டும். அதே அகலத்தில் ஒரு அட்டைத் துண்டு வெட்டி நோட்டுக்குள் வையுங்கள். மெல்லிய தாளில் ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், கை பட்டால் ஈசும். பால்பாயிண்ட் பேனாவே நல்லது.

எழுதும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது வெறும் நகல். கை ஓடும், மூளை ஓடாது. ஒரு பாடப்பகுதியைப் படித்து, புத்தகத்தை மூடி, பத்து நிமிடம் கழித்து நினைவில் இருப்பதை நீல மையில் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைப் பார்த்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் திருத்துங்கள். சிவப்பை மறைத்து அழகாகத் திரும்ப எழுத வேண்டாம். அடுத்த முறை கண் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

நடுப்பத்தியில் பெயரோடு காரணமும் ஒரு வரி இருக்கட்டும். அமிலக் குளோரைடை ஆல்டிஹைடாக்கும் ரோசன்முண்ட் ஒடுக்கத்தில் 'ஹைட்ரஜன், பல்லேடியம், பேரியம் சல்பேட்' என்று மட்டும் எழுதினால் பேரியம் சல்பேட்தான் முதலில் மறக்கும். 'வினையூக்கியின் வீரியத்தைக் குறைக்கிறது. இல்லையென்றால் ஆல்டிஹைடு மேலும் ஒடுங்கி ஆல்கஹாலாகிவிடும்' என்று சேர்த்துவிட்டால் மறக்காது. ஓரிணைய அமீன் தயாரிக்கும் காப்ரியல் தாலிமைடு தொகுப்பில் அனிலீன் ஏன் கிடைக்காது என்பதும் அப்படித்தான்: அரைல் ஹாலைடு அங்கே கருக்கவர் பதிலீட்டுக்கு எளிதில் உட்படாது.

ஒன்றோடொன்று குழம்பும் வினைகளை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வையுங்கள், புத்தகத்தில் எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. ஆல்பா ஹைட்ரஜன் (கார்பனைல் தொகுதியை அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன்) உள்ள ஆல்டிஹைடு நீர்த்த காரத்தில் ஆல்டால் குறுக்கம். ஆல்பா ஹைட்ரஜன் இல்லாதது அடர் காரத்தில் கானிசரோ வினை. டைஅசோனியம் உப்பைக் குளோரோபென்சீனாக்கும் இரண்டு வினைகளில், சாண்ட்மேயருக்குக் குப்ரஸ் குளோரைடு, காட்டர்மானுக்குத் தாமிரத்தூள். நைட்ரோபென்சீனுக்கு ஒரு முழுப் பக்கமே கொடுக்கலாம். வெள்ளீயமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் அனிலீன், துத்தநாகத்தூளும் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்தால் பீனைல் ஹைட்ராக்சில்அமீன், துத்தநாகமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ரசோபென்சீன். ஊடகம் மாற மாற விளைபொருள் மாறுவது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வினைக்கு வினை இரண்டு வரி இடம் விடுங்கள். ஒரு பக்கத்தில் ஆறு வினைக்கு மேல் அடைத்தால் பின்னால் எதையும் சேர்க்க முடியாது.

திருப்பும்போது அட்டையால் நடுப்பத்தியை மறைத்து, காரணியைத் தனித் தாளில் எழுதிப் பாருங்கள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தால், தெரியாததும் தெரிந்த மாதிரியே தோன்றும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். தவறிய வினைக்கு எதிரே, இடப்பக்கத்தில், தேதியும் என்ன எழுதினீர்கள் என்பதும். அமைடை அமீனாக்கும் வினையில் தவறினால், 'ஹாஃப்மன் புரோமமைடு: ஒரு கார்பன் குறைவதை விட்டேன்' என்ற அளவு போதும். மூன்று தேதி விழுந்த வினைகளைக் கடைசிப் பக்கத்தில் பக்க எண்ணோடு பட்டியலிடுங்கள். தேர்வுக்கு முந்தின இரவு நோட்டு முழுவதையும் புரட்ட நேரம் இருக்காது, அந்த ஒரு பக்கத்துக்கு இருக்கும்.