மீன் பாரமும் உப்புத் தண்ணீரும்: என் பிக்கப்புக்கு சஸ்பென்ஷன் தேடிய அனுபவம்

பிக்கப்பின் பின்பக்கம் பதியத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் முதலில் கிடைக்கிற ஆலோசனை, "வில்லுக்கு ஒரு தகடு கூடப் போடுங்கோ" என்பதுதான். செலவு குறைவு, அரைநாள் வேலை, வண்டியும் உடனே நிமிர்ந்து நிற்கும். என்னுடைய ஹைலக்ஸ் வீகோவுக்கு நான் அதைச் செய்யவில்லை. பின்பக்க வில் (பாரம் தாங்கும் உருக்குத் தகடுகளின் அடுக்கு), ஷொக், இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் என்று எல்லாவற்றையும் யோசித்து மாற்றினேன். எதை ஏன் தேர்ந்தேன் என்று, இதே இடத்தில் நிற்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டியின் வேலையைச் சொல்லாமல் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேச முடியாது. தாளையடி, செம்பியன்பற்றுப் பக்கம் கரையில் மீன் ஏற்றிப் பாசையூருக்கும், கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் கூலர் லொறிக்காரருக்கும் கொண்டுவந்து கொடுக்கிறேன். போகும்போது ஐஸும் வெறும் றெஜிபோம் பெட்டிகளும்தான். வரும்போது பாரம். கரையிலிருந்து வீதிக்கு ஏறும்வரை மணல், பிறகு மருதங்கேணி வீதி, புதுக்காட்டுச் சந்தியில் ஏ9. தூரம் பெரிதில்லை. ஆனால் ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு சேர்ந்து தட்டின் ஓட்டைகளால் வழிவது நேரே வில்லின் மேல்தான். கடற்காற்று பாதியைத் தின்றால் மீதியை இந்தத் தண்ணீர் தின்கிறது.

வேறு வண்டி வாங்குவதைப் பற்றியும் பார்த்தேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது. ஆனால் வரியோடு சேர்த்து வரும் விலை என் தொழிலுக்குக் கட்டாது. இருக்கிற வண்டியின் எஞ்சினும் சேசிஸும் நல்ல நிலை. ஆகவே இதையே இன்னும் பல வருடம் ஓடக்கூடியதாக்குவது என்று தீர்மானித்தேன்.

கொடிகாமத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். பின் வில்லை இறக்கித் தகடு தகடாகப் பிரித்துப் பார்த்தார். தகடுகளுக்கு இடையில் துரு உதிராமல் தடித்துப்போய் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்தது. ஒரு தகட்டில் நடுப்போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. வில்லின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷக்கிளின் புஷ் நீள்வட்டமாகித் தேய்ந்திருந்தது. ஷொக்கின் தண்டைச் சுற்றி ஒயில் கசிந்திருந்தது. தடித்த ஷொக் போட்டால் பாரத்துக்குக் காணுமோ என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் மீதி எல்லாத் தீர்மானத்துக்கும் அடிப்படை: "தம்பி, ஷொக் பாரம் தாங்காது. பாரம் தாங்கிறது வில்லு. வில்லு துள்ளாமல் பிடிக்கிறதுதான் ஷொக்கின்ர வேலை."

சரி, எவ்வளவு பாரத்துக்கு வில் தேடுவது? கடைக்காரர் எவரிடம் கேட்டாலும் "ஹெவி டியூட்டி" என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கிலோக் கணக்கு இல்லை. அதனால் பழைய இரும்பு வாங்கும் இடத்தில் லொறி நிறுக்கும் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். முழு வண்டியையும் நிறுத்தேன். பிறகு பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க நிறுத்தேன். வெறும் வண்டியாக, ஐஸும் பெட்டியுமாக, முழு மீனோடு என்று மூன்று நிலையிலும் பார்த்தேன். பின்னுக்கு அடித்திருக்கும் இரும்புக் கூடு, ஐஸ், பெட்டி எல்லாம் சேர்ந்து 280 கிலோ அளவு எப்போதும் வண்டியோடு இருக்கிறது. முழுப் பாரம் 750 கிலோவை அண்டுகிறது. கூடவே, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை உயரத்தை ஒவ்வொரு நிலையிலும் அளந்து எழுதி வைத்தேன். ரயரின் மேல்விளிம்பிலிருந்து அளந்தால் காற்றுக் கூடிக் குறைய அளவும் மாறும். சக்கர நடுவிலிருந்து அளந்தால் மாறாது.

இந்த எண்கள் கையில் வந்ததும் தேர்வு சுலபமாகிவிட்டது. அவுஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, டொபின்சன்ஸ், அயன்மேன், டஃப் டோக் போன்ற நிறுவனங்கள் ஒரே வண்டிக்கே பல தரத்தில் வில் செய்கின்றன. எந்தத் தரம் என்பதை அவர்கள் பிரிப்பது வண்டியை விட்டு இறங்காத நிலையான பாரத்தை வைத்து. ஒருநாள் ஏற்றும் உச்சப் பாரத்தை வைத்து வாங்கினால் வெறுமையாக ஓடும்போது பின்பக்கம் தடியாக நின்று துள்ளும். மழையில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் வழுக்கும். நான் 300 கிலோ நிலையான பாரத்துக்கான முழு லீஃப் செட்டை எடுத்தேன். 500 கிலோவுக்கானதை எடுக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். ஆனால் விடியற்காலையில் ஐஸோடு மட்டும் போகும் பாதித் தூரத்தையும் நான்தானே ஓட்டவேண்டும். தவிர, 300 கிலோ செட்டிலும் அடியில் நேரான தடித்த தகடு இருக்கிறது. பாரம் கூடி மேல் தகடுகள் பதியும்போதுதான் அது வேலைக்கு வரும்.

ஒரு தகடு சேர்ப்பதை ஏன் விட்டேன் என்றால், ஏற்கெனவே களைத்து வெடித்த தகடுகளோடு புதிது ஒன்றைப் போட்டால் பாரத்தின் பெரும்பங்கை அந்தப் புதுத் தகடுதான் சுமக்கும். பழையவை வெடிப்பது நிற்காது. இன்னொன்று, சில பட்டறைகளில் தகட்டைக் காஸ் விளக்கால் சூடாக்கி வளைக்கிறார்கள். வில் உருக்கின் பலம் அதைப் பதமாகச் சூடாக்கி, ஒயிலில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிய விதத்தில் இருக்கிறது. விளக்குப் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். சில மாதத்தில் பழையபடி பதியும், அல்லது முறியும். அக்சிலுக்கும் வில்லுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை நான் யோசிக்கவே இல்லை. பாரத்தோடு மணலில் முறுக்கும்போது அக்சில் சுழன்று வில்லை எஸ் வடிவில் நெளிக்கும்.

காற்றுப் பை வைப்பது பற்றி நெடுநாள் யோசித்தேன். பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது என் வேலைக்குப் பொருந்துவதுபோல்தான் இருந்தது. ஆனால் வில் தன் பாரத்தைச் சேசிஸின் இரண்டு இடத்தில், முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பையோ அக்சிலுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் தள்ளும். பின் அக்சிலுக்குப் பின்னால் பாரம் தொங்க, பையில் காற்றையும் இறுக்கிவிட்டு ஓடினால் சேசிஸ் அந்த இடத்தில் வளையும். டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) வண்டிகளில் இது நடந்திருக்கிறது. என் பெட்டிகள் கடைசிவரை அடுக்கப்படுகின்றன. வேண்டாம் என்று விட்டேன்.

ஷொக்கில் என் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. பில்ஸ்டைன் போன்ற ஒற்றைக் குழாய் ஷொக் சூட்டை நன்றாக வெளியேற்றும், நீண்ட ஓட்டத்தில் தளராது. உண்மைதான். ஆனால் அதன் உள்ளே பிஸ்டன் ஓடுவது வெளிக்குழாயின் சுவரிலேயே. கல் அடித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் இறுகிவிடும். இரட்டைக் குழாய் ஷொக்கில் வெளிக்குழாய் ஓரளவு நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். எங்கள் ஒழுங்கைகளில் சுண்ணக்கல் எழும்பி அடிக்கும். நான் ஓடும் தூரத்துக்கு ஷொக் கொதிக்கப் போவதுமில்லை. ஆகவே தடித்த குழாயுள்ள இரட்டைக் குழாய் ஷொக், வில் வாங்கிய நிறுவனத்தினுடையதே. வில்லும் ஷொக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். தடித்த வில்லுக்குத் தளர்ந்த ஷொக் போட்டால் மேலே எறியும். இளகிய வில்லுக்கு இறுகிய ஷொக் போட்டால் வில் திரும்பி எழும்பமுன் அடுத்த பள்ளம் வந்துவிடும்.

முன்பக்கத்தை நான் உயர்த்தவில்லை. இளம்பெடியள் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். மணலுக்கு உயரத்தைவிட ரயர்க் காற்றைக் குறைப்பதுதான் உதவும். 18, 20 பி.எஸ்.ஐ அளவுக்கு இறக்கினால் வண்டி மணலில் மிதந்து போகும், வீதிக்கு ஏறியதும் மறுபடி அடிக்க ஒரு சின்னக் கொம்பிரசர் போதும். முன்பக்கம் 50 மில்லிமீட்டர் எழும்பினால் டிரைவ் ஷாஃப்டின் வளைவு கூடி அதன் ரப்பர் உறை கிழிய வழி பிறக்கும், ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பும் குணமும் குறையும். நான் முன்னுக்குக் கம்பனி அளவிலேயே கேவைபி (KYB) என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஷொக்கும், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் (arm) புஷ்ஷும் மாற்றியதோடு நிறுத்தினேன். 2004க்கு முந்திய நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உங்களில் பலருக்கு முன்னுக்கு டோர்ஷன் பார், அதாவது முறுகி வில்லாக வேலை செய்யும் இரும்புத் தண்டு, இருக்கும். அதை முறுக்கி உயர்த்துவதால் வில்லின் பலம் கூடாது. சக்கரம் கீழே இறங்கும் இடம்தான் குறையும்.

வாங்குவதில் நிறையக் காலம் போனது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும், ஆனால் ஒரு கடையில் காட்டிய கேவைபி பெட்டியில் அச்சு மங்கி இருந்தது, உள்ளே ஷொக்கின் உடம்பில் பாக நம்பரே இல்லை. பெட்டியைப் பார்க்காமல் உடம்பில் அடித்த நம்பரைப் பாருங்கள், அது உங்கள் வண்டிக்குரியதா என்று பட்டியலில் ஒப்பிடுங்கள். பின் செட்டை மெல்பேர்ணில் இருக்கும் மச்சான் கப்பல் கார்கோவில் போட்டுவிட்டார். ஒரு பக்க வில்லே ஒரு ஆள் தூக்கத் திணறும் பாரம், விமானத்தில் அனுப்புவது கட்டுப்படியாகாது. ஒழுங்கு செய்யும்போதே வில்லை அக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட், ஷக்கிள், புஷ், நடுப்போல்ட் எல்லாம் சேர்த்து எடுத்தேன். பழைய யூ போல்ட் ஒருமுறை இழுபட்டது. அதைத் திரும்பப் போடவே கூடாது.

உப்புக்காக நான் கூடுதலாகப் பணம் கொடுத்தது ஷக்கிளுக்குத்தான். கிறீஸ் அடிக்கும் வாய் உள்ள ஷக்கிள் எடுத்தேன். புதுக் கிறீஸ் போகும்போது உள்ளே இறங்கிய உப்புத் தண்ணீரையும் மணலையும் வெளியே தள்ளிவிடும். இல்லாவிட்டால் ஷக்கிளின் ஆணி புஷ்ஷுக்குள் துருவேறி இறுகி, கழற்ற வெட்டவேண்டி வரும். தகடுகளின் நுனிகளுக்கு இடையில் பிளாஸ்டிக் துண்டு வைத்த செட்டா என்பதையும் பார்த்தேன். இரும்போடு இரும்பு உரசினால் பெயின்ட் முதலில் போவது அங்கேதான்.

பூட்டும்போது அண்ணை செய்த இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜக்கில் தொங்கும்போது இறுக்கவில்லை. சும்மா பிடிக்க வைத்து, சக்கரம் நிலத்தில் ஊன்றி வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடிபட்டு, வண்டியை இறக்கியதும் முறுகி நிற்கும், கெதியாகக் கிழியும். மற்றது பிரேக். என் வண்டியில் பின் அக்சிலில் இருந்து சேசிஸுக்கு ஒரு கம்பி போகிறது. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அதில் இருக்கிறது. புது வில்லால் பின்பக்கம் உயர்ந்ததும் அந்த வால்வு வண்டி வெறுமை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கும். அவர் அதன் தாங்கியை உயர்த்தி மறுபடி பொருத்தினார். வில் மாற்றிய எத்தனையோ பிக்கப்பில் இது அப்படியே விடப்பட்டிருக்கிறது. முழு மீனோடு ஏ9இல் ஒரு மாடு குறுக்கே வந்தால் தெரியவரும் விஷயம் இது. அப்புறம் வீல் அலைன்மென்ட் செய்து, முன்விளக்கின் உயரத்தையும் சரிபார்த்தோம்.

இப்போது முழுப் பாரத்தில் பின்பக்கம் பதிகிறது, ஆனால் அக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் முட்டில் இடிப்பதில்லை. மதகு ஏறி இறங்கும்போது ஒரே ஆட்டத்தில் அடங்குகிறது. வெறுமையாகப் போகும்போது முன்பைவிடக் கொஞ்சம் கடினம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒன்று தெளிவாக இருக்கட்டும்: வில் பலமாகிவிட்டதால் பதிவுப் புத்தகத்தில் உள்ள பாரம் கூடிவிடாது. பிரேக்கும் அக்சில் பெயரிங்கும் சேசிஸும் பழையவைதான். கூட மீன் இருந்தால் நான் இரண்டாம் நடை ஓடுகிறேன்.

யூ போல்ட்டை முதல் 500 கிலோமீட்டருக்குள் திரும்ப இறுக்க வேண்டும். தகடுகள் படிந்து உட்காரும்போது அது தளரும். அண்ணை ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு கீறிவிட்டார், கோடு விலகினால் நட் சுழன்றிருக்கிறது. மீன் இறக்கிய கையோடு அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். தீவகத்திலும் கரையோரத்திலும் பல கிணறு உவர், அதில் கழுவினால் உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசியதாகும். நான் வீட்டுக் கிணற்றில்தான் கழுவுகிறேன். ஷக்கிளுக்குக் கிறீஸ் அடிப்பதை எஞ்சின் ஒயில் மாற்றும் நாளோடு சேர்த்துக்கொண்டேன், மறக்காமல் இருக்க.