கரண்ட் கட்டுக்கு மீன் தொட்டியைத் தயார் செய்வது எப்படி?

நவம்பர் வந்தால் கடலோர மாவட்டங்களில் மீன் வளர்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடும். 2016 வர்தா புயலில் சென்னையின் பல பகுதிகளுக்குக் கரண்ட் திரும்ப நாள்கணக்கானது. 2018 கஜாவில் டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல்கூட வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுக்கிறார்களே, மீன்களை அடைத்து வளர்க்கும் தொட்டிக்கு அந்த ஐந்து மணி நேரமே ஆபத்து.

அந்த நேரத்தில் மீனைக் கொல்வது இருட்டும் அல்ல, பசியும் அல்ல. ஆக்ஸிஜன் குறைவுதான். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். மே மாதத்தில் நம் வீட்டுத் தொட்டிகள் 31, 32 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்பு குறைகிறது. போதாததற்கு, கழிவையும் மிச்சத் தீனியையும் சிதைக்கும் பாக்டீரியாவும் அதே ஆக்ஸிஜனில்தான் பங்கு கேட்கும். அதனால் கையில் இருக்கும் பேட்டரி முழுவதும் காற்றுக்கே போகட்டும். லைட்டுக்கு ஒரு துளியும் வேண்டாம். செடிகள் இரண்டு மூன்று நாள் வெளிச்சமில்லாமல் தாங்கும்.

கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா) ஹேங் ஆனோ (தொட்டி விளிம்பில் தொங்குவது), உங்கள் முக்கிய ஃபில்டர் எதுவாக இருந்தாலும், கூடவே ஏர் பம்ப் காற்றில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஆண்டு முழுக்க ஓட விடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். கேனிஸ்டர் மோட்டாருக்கு 15, 20 வாட் வேண்டும். ஸ்பாஞ்சுக்கு 2 வாட் ஏர் பம்ப் போதும். குமிழி ஆக்ஸிஜனையும் தரும், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் உயிரோடு வைத்திருக்கும். வெறும் ஏர் ஸ்டோன் (டியூப் நுனியில் மாட்டும் குமிழிக் கல்) முதல் வேலையை மட்டும்தான் செய்யும். புயல் எச்சரிக்கை வந்த அன்று கடைக்கு ஓடி வாங்கும் புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்காது. குறைந்தது ஒரு மாதமாவது தொட்டியில் ஓடியிருக்க வேண்டும்.

பம்ப்புக்குச் சுலபமான வழி, யுஎஸ்பி ஏர் பம்ப்பும் பவர் பேங்க்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இருப்பது 37 வாட் அவர். இழப்பு போகக் கைக்கு 30 வரை கிடைக்கும். 1.5 வாட் பம்ப் அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். சில பவர் பேங்க்குகள் இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். நடுராத்திரியில் இது நடந்தால் காலையில்தான் தெரியும். இப்போதே ஒரு முறை முழுதாக ஓட விட்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்து அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் ஏசி-டிசி பம்ப் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும். சும்மா கிடக்கும் பேட்டரி வருடத்துக்கு வருடம் சத்தமில்லாமல் வலுவிழக்கும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 150 ஏஎச் பேட்டரியில் நம்பி எடுக்கக் கூடியது பாதி, அதாவது 900 வாட் அவர் என்று வையுங்கள். ஒரு சாதாரண ஃபேனே 70 வாட். ஃபேனை நிறுத்தினாலும், இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே பெரும்பாலும் 15, 20 வாட் தின்னும். 5 வாட் பம்ப்புக்காக அதை இரவு முழுக்க ஓட்டுவது வீண். நீண்ட மின்தடையில் இன்வெர்ட்டரை மூன்று நான்கு மணி நேரம் போட்டு, போனோடு பவர் பேங்க்கையும் சார்ஜ் ஏற்றிவிட்டு அணைத்துவிடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் (சீரான அலையாகக் கரண்ட் தராத வகை) சாதாரண ஏர் பம்ப் இரைந்து சூடாகும், யுஎஸ்பி பம்ப்புக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

நான்-ரிட்டர்ன் வால்வு (டியூபில் ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் சிறு அடைப்பான்) இல்லாமல் எந்தப் பம்ப்பையும் மாட்டாதீர்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து பேட்டரி தீர்ந்தால், டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்ப்பையும் கெடுக்கும், தரையையும் நனைக்கும். வால்வில் இருக்கும் அம்புக்குறி தொட்டியைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் காற்று போகும், மறுபக்கம் போகாது. சிறிய பம்ப் ஒன்றரை அடி ஆழத்தில் திணறினால், ஏர் ஸ்டோனை அரை அடி மேலே தூக்கிக் கட்டுங்கள்.

கரண்ட் போனதும் தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான பெரிய மீன் மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. சாப்பிட்டால் அம்மோனியாதான் ஏறும். மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். செடிகளுக்காக ஈஸ்ட்-சர்க்கரை பாட்டிலில் கார்பன் டை ஆக்ஸைடு விடுபவர்கள் டியூபை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். கரண்ட் இல்லை என்பது ஈஸ்டுக்குத் தெரியாது, இருட்டிலும் வாயு வந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பியிருந்தால், கிண்ணம் எங்கே அகலமாக இருக்கிறதோ அந்த மட்டத்துக்குக் குறையுங்கள். காற்றைத் தொடும் பரப்பு கூடும்.

ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்குபவை, அவற்றுக்கு அவசரமில்லை. கோல்டு ஃபிஷ், கோய், டிஸ்கஸ் போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை, அவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மேற்பரப்பில் வாயைப் பிளந்து, செவுள் படபடவென அடித்தால் நேரமில்லை என்று அர்த்தம். பம்ப் இல்லையென்றால் மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம். கோடையில் ஃப்ரீசரில் உறைய வைத்த அரை லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்க விட்டால், 50 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரி அளவு குறையும். அதற்கு மேல் சட்டென்று குளிர்விக்க வேண்டாம்.

மோட்டார் ஓடாது, மேல் தொட்டி காலியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டிக் கொள்ளளவில் பாதி அளவுக்காவது பக்கெட்டிலோ டிரம்மிலோ தண்ணீர் பிடித்து ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) போட்டு வையுங்கள். போர் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே இருக்கும். பிடித்தவுடன் நேராக ஊற்றாமல் நன்றாகக் கலக்கி ஆற வையுங்கள். இரண்டாவது நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அம்மோனியா கட்டுக்குள் நிற்கும்.

கரண்ட் வந்ததும் ஓடிப்போய் கேனிஸ்டரைப் போடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் சில மணி நேரத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். அப்படியே ஓட்டினால் அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வரும். மின்தடையைத் தாங்கிய மீன், அது முடிந்த பிறகு சாவது பெரும்பாலும் இதனால்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, மீடியாவை (பாக்டீரியா ஒட்டி வாழும் ஸ்பாஞ்ச், கல் போன்றவற்றை) தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள். முட்டை நாற்றம் அடித்தால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதற்குள் வோல்டேஜும் நிலைக்கு வந்திருக்கும். தீனியை மறுநாள் பாதி அளவில் தொடங்கலாம். ஒரு வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட் எடுத்து, ஏறினால் மறுபடி கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.